பஃபலோப் பக்கம்

கேபிளை நிப்பாட்டியாச்சு.
மாதம் தொண்ணூற்றெட்டு டொலர்,
பார்த்ததோ நாலு சனல்.

கழிவு விலையில் வாங்கிவந்த அன்ரனா
பாரை மீனின் நடுமுள்ளு மாதிரிப்
பெட்டிக்குள் படுத்திருந்தது.
படத்தைப் பார்த்துப் பூட்டினேன்.
ஒரு நட்டு மிஞ்சியது.
மிஞ்சட்டும்.

எங்கள் வீடு செயின்ற் கதரின்ஸில்.
ஏரிக்கு அங்கால் ரொறன்ரோ,
ஆற்றுக்கு அங்கால் பஃபலோ.
மேல்மாடி யன்னலில் முள்ளை
எந்தப் பக்கம் திருப்புகிறேனோ
அந்தப் பக்கத்து ஆட்கள் வீட்டுக்குள் வருவார்கள்.
மற்றவர்கள் சொல்லாமல் எழும்பிப் போய்விடுவார்கள்.

ஆருஜனுக்கு ரொறன்ரோ வேணும்,
சனி இரவு ஹொக்கி.
எனக்குப் பஃபலோ.
அங்கே காலநிலை சொல்லுகிற பெண்
ஈரி ஏரிக்கரையைக் கையால் தடவும்போது
அவள் விரல் போகிற கோட்டில்தான்
கேதீஸின் லொறி போகும்,
நயாகராக் கண்ணாடிக்கூடத்துப் பூச்சாடிகளோடு
கிளீவ்லாண்ட் வரைக்கும்.

ஒரு கிழமை சண்டை.
அவன் வடக்கே திருப்புவான், நான் கிழக்கே.
பிறகுதான் அந்தப் பெட்டி நினைவு வந்தது.
கராஜ் விற்பனையில் ஏழு டொலருக்கு வாங்கி
"பிறகு பூட்டுவம்" என்று கேதீஸ் வைத்த பதிவுப்பெட்டி.
அதன் முதுகிலும் ஓர் அன்ரனாத் துளை.

ரீவிக்குப் பின்னால் உள்ள நிலம்
கலியாணம் கட்டின நாள் முதல் அவருடையது.
ரோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
முதல்தடவை உள்ளே போனேன்.
தூசு. பின்னிக் கிடந்த வயர். ஓர் அமெரிக்கச் சில்லறைக் குத்தி.
எப்போதோ நாங்கள் கைவிட்ட டிவிடி பிளேயர்
இன்னும் ஒரு சிவத்தப் புள்ளியை எரித்துக்கொண்டு.
அதன் மஞ்சள், வெள்ளை, சிவப்பைக் கழற்றினேன்.

வடக்கு முள்ளு நேரே ரீவிக்குள்.
புதிதாய் வாங்கின கிழக்கு முள்ளு பெட்டிக்குள்;
பெட்டியிலிருந்து தட்டைவாய்க் கேபிள்
எச்டிஎம்ஐ இரண்டுக்குள்.
தேடு என்று அமத்தினேன்.
பதினொன்று. பதினேழு. இருபத்திமூன்று.

இனி றிமோட்டில் ஒரு பொத்தான்.
எல்லையில் ஒரு மணித்தியாலம் காத்துநின்ற கேதீஸுக்குப்
போனில் சொன்னேன்.
"பாஸ்போர்ட் கேக்கேல்லையோ?" என்றார்.

மாசி மாதம், ஒரு செவ்வாய்.
ஏரி கிளப்பிய பனி.
அந்தப் பெண் இன்றைக்குக் கையை வீசவில்லை,
ஓரிடத்தில் வைத்தபடி நின்றாள்.
பிறகு பாதையைக் காட்டினார்கள்.
லொறிகள், லொறிகள்,
பின்விளக்கு மட்டும் சிவப்பாய்.
கிட்டப் போய்ப் பார்க்கக் குனிந்தேன்,
படம் கட்டம் கட்டமாய் உடைந்தது.

முந்தின ரீவி என்றால் புள்ளி பறக்கும்,
கரகரக்கும்,
ஆனாலும் ஆரோ கதைப்பது கேட்கும்.
இதற்கு நடு இல்லை.
வந்தால் மயிர்க்கால் தெரிய வரும்,
வராவிட்டால் நீலத் திரை.

பின்னுக்குப் போய்த் துளையடியில் பிடித்தேன்,
சத்தம் வந்தது.
விட்டேன், போனது.
பெருவிரலால் அழுத்தி, கொஞ்சம் இடப்பக்கம் சரித்து,
மூச்சை அடக்கினால் நின்றது.
அப்படியே நின்றேன்.
கேபிளைப் பிடிக்கிறவளுக்குத் திரை தெரியாது என்பது
நின்ற பிறகுதான் உறைத்தது.

"ஆருஜன்!"
போர்வையோடு வந்து சோபாவில் இருந்தான்.
"என்ன காட்டுறாங்கள்?"
"லொறி."
"என்ன நிறம்?"
"எல்லாம் பனி நிறம், அம்மா."
"பேர் ஏதும் எழுதியிருக்கோ?"
"அசையாதேங்கோ, அசைஞ்சா உடையுது."

பிறகு அவன் வாசிப்பது குறைந்தது.
பிறகு குறட்டை.
நான் பிடியை விடவில்லை.

இரண்டேகாலுக்குப் போன்.
"லாக்கவன்னாவிலை மறிச்சு வைச்சிருக்கிறாங்கள்.
பூவுக்கு ஹீற்றர் ஓடுது, எனக்குத்தான் குளிர்.
நீ ஏன் இன்னும் படுக்கேல்லை?"
"ரீவி பாத்தனான்."
"இந்த நேரத்திலை என்ன போகுது?"
"றோட்டு."