நீல டேப்

குவோப்பியோ மருத்துவமனை கார் நிறுத்துமிடம்,
விடியாத ஜனவரி.
ரிவர்ஸ் எடுத்தேன்.
டொக்.

பட்டறைக்கார வேய்க்கோ சொன்னது எழுநூற்று நாற்பது யூரோ.
காப்பீட்டில் கேட்டால் முதல் முந்நூறு என் தலையில்,
ஆறு வருடம் சேர்த்த போனஸும் சரியும்.
கரண்ட் பில் உறையின் முதுகில்
கூட்டிப் பார்த்தேன், கழித்துப் பார்த்தேன்:
இரண்டு விடை, இரண்டும் நஷ்டம்.

இடிபட்ட காரின் ஸிர்க்கா,
இரவு ஷிப்ட் முடிந்த கண்களோடு
குனிந்து, கையுறை கழற்றி,
கதவைத் தடவினாள்.
"இந்தப் பள்ளம் போன வருஷத்தது.
உங்களுடையது இதோ, இந்தக் கீறல் மட்டும்."

அவள் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திராது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

கீறலுக்குக் கையில் காசு கொடுத்தேன்.
என் பம்பருக்கு நீல டேப்;
மைனஸ் இருபதில் அதுவும் உரிகிறது.
தினமும் அவள் காருக்கு
ஓரிடம் விட்டே நிறுத்துகிறேன்.