மூன்று நிமிடம் தாமதம்

சதர்லேண்டில் ஜூன் மாதம்.
குவிமாடத்தின் கதவைத் திறந்ததும்
காற்று வந்து முதலில் காதைப் பிடிக்கும்.
மலையேறும் வண்டிகளுக்கு இங்கே
முகவிளக்கு கூடாது.
ஆட்டுக்கிடாய்கள் குறுக்கே நின்றால்
நாம்தான் ஒதுங்க வேண்டும்.

பார்த்துக்கொண்டிருப்பது ஒரு கல்லை.
செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே
சற்றே நெளிந்த வட்டத்தில், ஒன்பது பாகை சாய்ந்து,
நாலு வருஷம் ஐந்து மாசத்துக்கு ஒரு சுற்று.
குறுக்களவு பதினோரு கிலோமீட்டர்,
அதுவும் உத்தேசம்.
நூறு பங்கு வெயில் விழுந்தால்
நாலு பங்கைத்தான் திருப்பித் தரும்.
வெளுத்துப்போன தார்ரோடு
அதன் பக்கத்தில் வைத்தால் சுண்ணாம்பு.

பெயர் வைக்கவில்லை. ஐந்து இலக்க எண்.
நேட்டாலில் எங்கள் ஆட்களை இறக்கிய கப்பலிலும்
ஆளுக்கு ஒரு எண்தான்.
எண்ணைக் கண்டால் எனக்கு இளப்பம் வராது.

திரையில் அது ஒரு புள்ளி.
உருவம் தெரியாது, உருள்வது தெரியும்:
நீளப்பக்கம் திரும்பினால் வெளிச்சம் ஏறும்,
முனை திரும்பினால் இறங்கும்.
அந்த ஏற்ற இறக்கத்தை வைத்து
சேனைக்கிழங்கு மாதிரி ஒன்றை
மனசுக்குள் செதுக்கிக்கொள்வேன்.

நேற்று இரவு பத்து மணிக்கு ஏறியது.
இன்று பத்து மணி மூன்று நிமிடம்.
நாளை பத்து ஆறு.
இருபத்துநாலு மணி மூன்று நிமிடத்துக்கு
ஒரு புரளல் என்றால்
ஒவ்வொரு இரவும் எனக்கு
ஏறக்குறைய அதே கன்னம்தான்.
அல்லது அதில் பாதி நேரத்துக்கு ஒரு புரளலா?
இங்கிருந்து பார்த்தால்
இரண்டும் ஒரே கோடுதான் போடும்.

மறுபக்கம் என் வானத்துக்கு வர
இருநூற்று எண்பது இரவு வேண்டும்.
இந்தச் சுற்றில் கிடைப்பது அறுபது.
அதில் பதினொன்றை மேகம் எடுத்துக்கொண்டது,
ஒன்றைப் பனி.

சிலிக்கு எழுதினேன்.
எனக்கு விடிந்து ஆறு மணி நேரம் கழித்து
விடிகிற ஊர்.
அவர்களுடைய வளைவு செவ்வாய்க்கிழமை வந்தது.
என் கோட்டின் கடைசிப் புள்ளியில்
அவர்கள் கோட்டைக் கொண்டுவந்து வைத்தேன்.
தையல் தெரியவில்லை.
ஆனால் அவர்களுடைய பள்ளம்
என்னுடையதைவிட ஆழம்.
ஆக பன்னிரண்டு இல்லை, இருபத்துநாலு.
தனியாகக் கத்தினேன்.
குவிமாடம் திருப்பிக் கத்தியது.

இன்னும் எட்டு மணி நேரம் மிச்சம்,
யாரும் பார்க்காதது.
ஆஸ்திரேலியாவில் யாரோ தூங்குகிறார்கள் போலிருக்கிறது.

ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவேன்.
தயாளன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவது ஏழு பத்துக்கு.
எட்டு வருஷமாகப் பார்க்கிறேன்:
ஷூ லேஸ் கட்டுவார்,
சாவி தேடுவார்,
ரூய்போஸை நின்றபடியே குடிப்பார்.

மத்தியானம் அந்த வீட்டில்
எப்படி உட்கார்ந்திருப்பார்,
எந்தப் பக்கம் திரும்பி?

இன்று ஏழு பதின்மூன்றுக்குக் கிளம்பினார்.
குறித்துக்கொண்டேன்.