கொருக்குப்பேட்டை கேட், நாற்பத்தெட்டு வோல்ட்

ராத்திரி பதினொன்றரை.
கேட் மூடியிருக்கிறது, வழக்கம்போல.
மாடி அறையில் என் மேசைமேல் இன்னொரு கேட்
நொடிக்கு லட்சம் தரம்
மூடித் திறந்துகொண்டிருக்கிறது.

திறப்பு, அல்லது அடைப்பு.
நடுவில் நிற்கத் தெரியாது அதற்கு.
பாதி திறந்த மாஸ்ஃபெட் பொசுங்கிப்போகும்.
போன மாதம் மூன்று போயின.
புகைக்கு மேலே ஏறிவந்த செபஸ்தியம்மா
"இன்னாமே, கருவாடு சுடுறியா?" என்றாள்.

அவளுக்குத்தான் இந்தப் பெட்டி.
காசிமேட்டில் இருட்டோடு எடுத்த சங்கரா
கேட்டுக்கு அந்தப் பக்கமே
ஐஸ் உருகி நாறாமலிருக்க,
பன்னிரண்டு வோல்ட் பேட்டரியை
நாற்பத்தெட்டுக்குத் தூக்கி
ஒரு சின்னக் கம்ப்ரஸரை ஓட்ட வேண்டும்.

கம்ப்ரஸர் உதறி எழும் கணத்தில்
நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்று, முப்பத்தாறு.
இன்னும் கொடு என்றால் இன்னும் சரிகிறது.
பழுதில்லை, குணம்.
கூடுதலாகத் தரவேண்டுமென்றால்
சுருள் முதலில் கதவைச் சாத்திக்கொண்டு
தனக்குச் சேர்க்கும்.
அதுவரை வெளியே இருப்பதை
மின்தேக்கி தன் கையிருப்பில் ஓட்டும்,
சீட்டு எடுக்கும் மாதம்வரை
வீடு ஓடுகிற மாதிரி.

சராசரியை நம்பித்தான் கணக்குப் போட்டிருந்தேன்.
சராசரிப்படி என் ஸ்விட்ச்
எப்போதும் முக்கால்வாசி மூடியிருக்கிறது.
முக்கால்வாசி மூடிய கேட்டை
இங்கே யார் பார்த்திருக்கிறார்கள்,
கம்பிக்கடியில் குனிந்து நுழைகிறவனைத் தவிர?

இன்றைக்கு வோல்ட்டைத் துரத்துவதை விட்டேன்.
சுருளில் ஓடும் கரண்டுக்கு ஒரு கோடு.
கீழே இருந்தால் சேர்.
மேலே போனால் கொட்டு.
அவ்வளவுதான் சட்டம்.

ஆசிலாஸ்கோப்பில் கரண்ட்
கோட்டின்மேல் நேராக நடக்கவில்லை.
குடித்தவன் சந்துச் சுவரில் இடித்து இடித்து
வீடு வந்து சேர்வதுபோல் வந்தது.
ஆனால் வந்தது.
கம்ப்ரஸரை உதைத்துப் பார்த்தேன்:
நாற்பத்தெட்டு, நாற்பத்துமூன்று,
(மூச்சை விடவில்லை நான்)
நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு.

கீழே கூட்ஸ் கடந்து முடிந்து கேட் எழுந்தது.
இரண்டு பக்கமும் ஒரேசமயம் நுழைந்து
நடுத் தண்டவாளத்தில் ஹாரன்.
இதைத்தான் இத்தனை நாள்
என் ஸ்விட்சுக்கு அண்ணன் என்று நினைத்திருந்தேன்.
இல்லை. அது ரயிலை மட்டும் பார்க்கிறது.
எத்தனை கூடை காத்திருக்கிறது என்று
ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

மாஸ்ஃபெட்டில் விரல் வைத்தேன், சுட்டது.
கோட்டைக் கொஞ்சம் அகலப் பட்டையாக்கினால்
சூடு தணியும், சுருள் முனகும்.
முனகட்டும்.
மூன்று மணிக்கு அவள் கதவைத் தட்டுவாள்.