பத்தடி ஒன்பது அங்குலம்

வேனின் உயரத்தை மூன்று முறை அளந்தோம்.
முதலில் ஏசுபாதம் ஏணி மேல்,
டேப்பின் நுனியைச் செருப்பால் மிதித்தபடி நான் கீழே.
அப்புறம் தண்ணீர்த் தொட்டி கூரையேறிய பிறகு.
மூன்றாவது, சண்டை முடிந்த பிறகு.
பத்தடி ஒன்பது அங்குலம்.
பள்ளிக்கூட வேனாக இருந்தது.
ராணிப்பேட்டை பட்டறையில்
கட்டிலும் அடுப்பும் ஒரு ஜன்னல் வலையும் வாங்கிக்கொண்டது.
கதவிடுக்கில் மட்டும் மஞ்சள் போகவில்லை.

"போனில்தான் எல்லாம் இருக்கே" என்றார்.
போன்தான் போன மாதம்
சலவன்பேட்டைச் சந்து ஒன்றில் எங்களைச் செருகியது.
இரண்டு பக்கமும் துணி காய்ந்துகொண்டிருந்தது.
யாரோ ஒருவருடைய சட்டை
காட்பாடி வரை கண்ணாடியில் தொங்கி வந்தது.
அதைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்,
ஆட்டோவில்.

ஆற்காடு ரோட்டில் ஃபயாஸின் கடை.
கண்ணாடி மேசை மேல் நான்கு கருவிகள்.
முதலாவதைத் தட்டினதும் வங்காளத்தில் பேசியது.
"ஆஸ்பத்திரிக்கு வந்த கொல்கத்தாக்காரர்
மாற்றி வச்சுட்டுப் போயிட்டார் மேடம்,
திருப்பத் தெரியலை."
லேபில் முப்பது வருடம் ரத்தம் எடுத்தவள் நான்;
"வலிக்குமா" என்பதை மட்டும்
அந்த மொழியில் எனக்குத் தெரியும்.
கருவி அதைக் கேட்கவில்லை.

இரண்டாவது தமிழ் பேசியது.
சத்துவாச்சாரியை
சட்டு, வச்சாரி என்று இரண்டாக ஒடித்தது.
வாணியம்பாடியைச் சொல்லும்போது
அதற்கே சிரிப்பு வந்திருக்க வேண்டும்.
மூன்றாவதில் ஏசுபாதம் ஒற்றை விரலால்
வட ஆற்காடு என்று தட்டினார்,
லைசென்ஸில் இருக்கும் மாவட்டம்.
இடம் கிடைக்கவில்லை.
இன்னொரு முறை தட்டினார்.
"அவ்வளவுதான் சார்" என்றான் ஃபயாஸ்,
யாரோ இறந்த செய்தி போல.

நான் கேட்டது ஒன்றே:
எதில் உயரம் எழுதலாம்?

நான்காவதில்.
ஏழு அங்குலத் திரை, விலை பதினெட்டாயிரத்து ஐந்நூறு.
நீளம், அகலம், எடை, உயரம்
எல்லாம் கேட்டது, வரன் பார்க்க வந்தவர்கள் மாதிரி.
ஜவ்வாது மலையில் டவர் போனாலும்
வரைபடம் வயிற்றிலேயே இருக்குமாம்.
பாலாறு அதிலும் நீலம்தான்.
"அப்டேட் செய்யச் சொல்லலாமா" என்றேன்.
ஃபயாஸ் சிரிக்கவில்லை.
அவன் வீடு கரையோரம்;
இரண்டாயிரத்து இருபத்தொன்றில்
அந்த நீலம் சமையல்கட்டு வரை வந்ததாம்.
நான் பில் போடச் சொன்னேன்.

முதல் பயணத்தில், ஆம்பூருக்கு முன்பே,
எதற்கோ இடது பக்கம் திருப்பி,
ஒரு ரயில் பாலத்தின் அடியில் கொண்டுபோய் நிறுத்தியது.
உயரம் எழுதிய பலகையில்
மூன்று என்ற எண் இருந்தது, பக்கத்தில் புள்ளியும்.
புள்ளிக்கு அப்புறம் கண்ணீர் அஞ்சலி.
மீசை வைத்த ஒருவர்
மீதி அளவின் மேல் ஒட்டப்பட்டிருந்தார்.
ஓரத்தைக் கிள்ளிப் பார்த்தேன்.
நல்ல பசை.

நேராகச் செல்லவும், என்றது கருவி.
பின்னால் பால் வண்டி ஹாரன்.
ஏசுபாதம் என்னைப் பார்த்தார்,
நான் கருவியைப் பார்த்தேன்,
அது சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

துணி காயப்போட வாங்கிய மூங்கிலை
பத்தடி ஒன்பதில் மார்க்கரால் கோடிட்டு வைத்திருந்தேன்.
சண்டையின் மிச்சம்.
அதைத் தூக்கிக்கொண்டு இறங்கி
பாலத்தின் அடிவயிற்றைத் தொட்டேன்.
கோட்டுக்கு மேல் மூன்று விரல் இடைவெளி.
சேற்றில் பின்னோக்கி நடந்தேன்,
வா, வா, நில்,
வா.
பால்காரர் ஹாரனை விட்டுவிட்டு
அவரும் இறங்கிக் குனிந்து கூரையைப் பார்த்தார்.
தொட்டியின் மூடி எதையோ உரசியது.
என் தலையில் கொஞ்சம் சுண்ணாம்பு.

அந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்ததும்
இருநூறு மீட்டரில் வலது பக்கம் திரும்பவும், என்றது,
எதுவுமே நடக்காதது போல.
மூங்கிலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.
ஏசுபாதம் சத்தத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று தெரியாமல்
பொத்தானில் கை வைத்தபடியே
இருநூறு மீட்டரும் ஓட்டினார்.