ஒரு நூல் குறைவு

டுலூத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது.
உள்ளே கம்பளிக் காலுறை,
காலுறைக்குள் ஒற்றைக் கோப்பை,
கோப்பைக்குள் சுருட்டிய கடிதம்:

"பதினொன்று இருக்கின்றன.
பன்னிரண்டாவது எங்கே என்று கேட்க வேண்டாம்.
உள்ளதில் பழுதில்லாததை அனுப்புகிறேன்.
யார் செய்தது, என்ன பட்டர்ன், ஜோடி கிடைக்குமா?
கொழுந்தியாள் ஆர்டிஸ் இதை ரோசலிண்ட் என்கிறாள்.
ஆர்டிஸ் எதிலும் தவறியதில்லை, அவள் கணக்கில்.
இப்படிக்கு, வெர்லின் ஹால்வர்சன்."

மவுண்ட்ஸ்வில்லில், ஆற்றைப் பார்த்த அடுப்படி மேஜையில்
இதுதான் என் பிழைப்பு:
கண்ணாடிக்கு ஊரும் பேரும் சொல்வது.
அடியில் முத்திரை இருக்காது.
காகித லேபிளை முதல் கழுவலிலேயே
யாராவது நகத்தால் சுரண்டியிருப்பார்கள்.
அதனால் பாதத்திலிருந்து தொடங்குவேன்.

பாதம் அகலம், நடுவில் லேசாகக் குழிவு.
தண்டில் மூன்று கணு, நடுக்கணு மட்டும் அறுகோணம்.
விளக்கடியில் திருப்பினால்
தண்டில் இரண்டு இடத்தில் அச்சுத் தையல் நிரடியது.
கிண்ணத்தில் தையலே இல்லை.
அது வார்த்தது, இது ஊதியது.
இரண்டையும் சூட்டோடு ஒட்டியவன்
அன்றைக்கு ஒரு மயிரிழை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறான்.

சுண்டினேன்.
ஈயம் கலந்த குரல்.
அடுப்படியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு
மெதுவாக வந்து உட்கார்ந்தது.

அமிலம் அரித்த பூக்கொடி.
ரோசலிண்டில் ரிப்பன் முடிச்சிட்டிருக்கும்.
இங்கே முடிச்சில்லை,
இரண்டு முனையும் தளர்ந்து தொங்குகின்றன.
பூவுக்கு ஐந்து இதழ்,
ஐந்தாவது இலைக்குப் பின்னால் பாதி.
முப்பத்தாறாம் வருஷக் கேட்டலாக்,
நாற்பத்தொன்றாம் பக்கம், காபிக்கறைக்குக் கீழே
அதே தளர்ந்த ரிப்பன்:
கெல்னர் கம்பெனி, 'மார்ஜொலேன்'.
தண்ணீர்க் கோப்பை. உயரம் ஏழே முக்கால் அங்குலம்.

ஆர்டிஸ் தவறினாள்.

பதில் எழுதி முடித்து,
ஒரு வழக்கத்துக்குத்தான் அளவுகோலை வைத்தேன்.
ஏழே முக்காலுக்கு ஒரு நூல் குறைவு.

விளிம்பை விரலால் சுற்றி வந்தேன்.
சூளையில் இளகிய விளிம்பு
ஈர உதடு மாதிரி உருண்டிருக்கும்.
இது தட்டை. சாணைக்கல் பட்டது.
என்றோ ஒரு சில்லு பெயர்ந்து,
அந்த ஒரு சில்லுக்காக
வட்டம் முழுவதையும் இறக்கியிருக்கிறார்கள்.

"பழுதில்லாதது என்றீர்கள்.
மற்ற பத்தையும் அளந்து பாருங்கள்."

மூன்று வாரம் சத்தமில்லை. பிறகு:

"ஏழு சரி. மூன்று குட்டை.
ஒன்று என் வேலை. எழுபத்து நாலில் குழாயில் இடித்துவிட்டு,
பாலம் தாண்டி சுபீரியரில் ஒருவரிடம் இழைத்து வாங்கி
பூனை மாதிரி அலமாரியில் வைத்தேன்.
ஆர்டிஸுக்குப் போன் போட்டேன். வெகுநேரம் இருமினாள்.
அதே ஆள், அதே கடை.
ஃபார்கோவில் இருக்கும் மகன் டுவேன் சிரித்தான்,
பேப்பர் போட்ட காசைக் கொட்டிக் கொடுத்தானாம், பதின்மூன்று வயதில்.
உங்களிடம் இருப்பது
மேர்லிஸ் தன் இடத்தில் எப்போதும் வைத்துக்கொள்வது.
வேறு யாரையும் எடுக்க விடமாட்டாள்.
அவளைக் கேட்க இனி வழியில்லை.

இன்னொன்று. ஜோடி தேடச் சொன்னேனே,
ஒரு நூல் குறைவாக ஒன்று கிடைக்குமா?"

என் அலமாரியில் மார்ஜொலேன் ஒன்று இருந்தது.
உருண்ட விளிம்பு, ஏழே முக்கால், பிசகில்லை.
எழுதினேன்:
"முழு அளவுதான் உள்ளது.
இருபத்திரண்டு டாலர், தபால் தனி.
உங்கள் வீட்டில் கொஞ்ச நாள் இருந்தால்
சரியாகிவிடும்."

பணம் வந்ததும் இரண்டையும் கட்டினேன்.
மேர்லிஸினுடையதை அவர் அனுப்பிய காலுறையில்.
மற்றதற்கு
என்னுடைய பச்சைக் காலுறை ஒன்று.