பிப்ரவரி: கைக்கு எட்டியவை

இந்த மாதம் நான் எதைப் படிக்க வேண்டும் என்பதை
என் வலது தோள் முடிவு செய்தது.
மார்புக்கு மேலே கை எழவில்லை.
தார்த்து நகரத்துப் பழைய வீடு,
கூரை உயரம், அலமாரிக்கு ஏணி.
இடது கையால் எடு என்கிறான் உர்மாஸ், தொலைபேசியில்.
எடுக்கலாம். ஏணியைப் பிடித்துக்கொள்வது யார்?

ஆகவே அடித்தட்டு.
நிலப்படங்கள், அகராதிகள்,
யாரோ பரிசளித்து நான் உறை பிரிக்காதவை.

உப்பு வணிகத்தின் வரலாறு, அறுநூற்றுப் பதினொரு பக்கம்.
நானூறாம் பக்கத்தில் ஒரு கப்பல் மூழ்குகிறது.
சரக்கு கடலோடு கடலாகக் கரைந்துபோகிறது,
யாருக்கும் கணக்குத் தெரியாமல்.
இரண்டு நாள் வேறெதுவும் படிக்க மனம் வரவில்லை.

காளான் கையேடு ஒன்று.
பனி முழங்கால் அளவு கிடக்கும்போது காளான்களைப் பற்றிப் படிப்பது
நோன்பு நாளில் சமையல் குறிப்பு வாசிப்பது போல.

ஒரு துப்பறியும் நாவல்.
தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தில் விட்டேன்.
காவலர் இன்னும் மழையில் நிற்கிறார்.
நிற்கட்டும்.

பதினோராம் தேதி, செங்கல் தேவாலயத்தில் பாடகர் குழு.
வெப்பமூட்டி பழுது.
ஒவ்வொரு சொல்லும் வெள்ளையாக வெளியே வந்து
கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது.
இரண்டாம் வரிசையில் என் பல் மருத்துவர் மாரெத்.
இன்னும் அகலமாக, இன்னும் அகலமாக என்று
வருடம் முழுக்க என்னிடம் சொல்பவள்
அன்று தானே திறந்தாள்.
முடிந்ததும் என்னால் கைதட்ட முடியவில்லை.
ஒரு கை ஓசை எழுப்பாது என்பார்கள்.
எழுப்பும், தொடையில் அறைந்தால்.
பக்கத்து இருக்கைக்காரர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

பழைய அச்சகத்தில் ஓவியக் கண்காட்சி.
எல்லாவற்றையும் முழங்கால் உயரத்தில் மாட்டியிருந்தார்கள்,
குழந்தைகளுக்காகவாம்.
எனக்காக என்று எடுத்துக்கொண்டேன்.
ஒரு நீலக் குதிரைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.
எழும்போது முழங்கால் தன் விமர்சனத்தைச் சொன்னது.

பொம்மலாட்டத்துக்குப் போகவில்லை. பாதையில் கண்ணாடிப் பனி.
நுழைவுச்சீட்டு குளிர்பெட்டிக் கதவில் இருக்கிறது,
காந்த ஆமைக்கு அடியில்.

உடம்பு.
ஆற்றில் பனியை அறுத்த துளைக்குள் இறங்கினால்
எல்லா வலியும் போகும் என்கிறாள் வில்யா.
இறங்கினாள். அலறினாள்.
நான் கரையில் துண்டோடு நின்றேன்.
அதுவும் ஓர் உடற்பயிற்சிதான்.

தூக்கம், சராசரி ஐந்தரை மணி நேரம்.
மூன்று மணிக்குத் தோள் விழித்துக்கொள்ளும்,
தனியாக இருக்கப் பிடிக்காமல் என்னையும் எழுப்பும்.
பனி வாரும் வண்டியின் மஞ்சள் வெளிச்சம்
கூரையில் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போகும்.

சுவரில் விரல்களால் ஏறுங்கள் என்றாள் லேலோ, பயிற்சியாளர்.
ஏறிய உயரத்தைப் பென்சிலால் குறியுங்கள்.
சமையலறைச் சுவரில் இருபத்தைந்து கோடுகள்.
சில நாள் முந்தைய நாளைவிடக் கீழே.
விருந்தினர் யாராவது பார்த்தால்
இங்கே ஒரு குழந்தை வளர்கிறது என்று நினைப்பார்கள்,
அவ்வப்போது சுருங்கும் குழந்தை.

எழுதியது, ஒன்றரைக் கவிதை.
முழுதாக இருந்ததைக் கிழித்துவிட்டேன்.

இன்று இருபத்தெட்டு.
காலையில் விரல்கள் நாலாம் தட்டின் விளிம்பைத் தொட்டன.
பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றை இழுத்தேன்.
விழுந்தது உர்மாஸின் நாவல்.
'என் முதல் வாசகிக்கு' என்று அவன் கையெழுத்து.
அந்த முடிவு என்னை உலுக்கிவிட்டது என்று
பதினாறு வருடமாக அவனிடம் சொல்லிவருகிறேன்.
பக்கங்கள் புதுசு மாறாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

ஏழு மணிக்கு அழைப்பான்,
மாதக் கடைசி வழக்கம்: என்ன படித்தாய், எங்கே போனாய், உடம்பு எப்படி.
உப்பைச் சொல்வேன், நீலக் குதிரையைச் சொல்வேன்.

இப்போது ஐந்தரை. ஜன்னலில் வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது.
விளக்கின் சுவிட்சுக்குக் கை எட்டுகிறது.
முதல் வரி
மோசமில்லை.