ஏழு றாத்தல்

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி, மாலை ஆறேகால்.
கடற்பக்க யன்னலைச் சாத்திவிட்டு
மாவை நிறுக்கிறேன்.
இந்தக் காற்றுக்காகத்தான் வாடகையில்
ஐயாயிரம் கூட்டியதாக வீட்டுக்காரர் சொன்னார்.
பிள்ளைகளுக்கு நல்லதாம்.
மாவுக்கு ஆகாது. பிசுபிசுத்துக் கையை விடாது.

குசினி மேசையில் ஒரு ஜாம் போத்தல்.
மாவும் தண்ணீரும். வேறொன்றும் போடவில்லை.
பன்னிரண்டாம் நாள் விடிய
மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து
மின்சாரப் பில்லை நனைத்திருந்தது.
மிருணா அதற்குக் குண்டன் என்று பெயர் வைத்தாள்.
தன் பால்தேத்தண்ணி ஆடை கட்டிக் கிடக்க,
கீழே பள்ளிக்கூட வான் கோர்ன் அடிக்க,
"அம்மா, குண்டனுக்குச் சாப்பாடு குடுத்தனீங்களோ?"

புத்தகத்தில் நாலு மணித்தியாலம் பொங்கவிடச் சொல்லியிருக்கிறது.
எழுதியவரின் ஊரில் பனி கொட்டும்போல.
கொழும்புச் சித்திரை ஒன்றரை மணியில் பொங்கவைத்து
அடுத்த அரை மணியில் கெடுத்தும்விடும்.
ஐஸ்கட்டி போட்டுக் குழைக்கிறேன்,
ஈரத்துணியால் போர்த்துகிறேன்,
அரை மணிக்கொரு தரம் மடிக்கிறேன்.
ஒரு மடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில்
ஏழாம் வாய்ப்பாடு,
அகரனின் பத்து நகங்கள்,
"நாளைக் காலை அனுப்புகிறேன்" என்று
அலுவலகத்துக்கு ஒரு பொய்.

கஜரூபனுக்குத் துறைமுகத்தில் இரவு வேலை.
போகுமுன் காஸ் சிலிண்டரை ஒருக்கால் தூக்கிப் பார்த்து
"உன்ர பாண் எனக்குக் கல்லுமாதிரி.
கல்லுக்கு ஆயிரத்து இருநூறு தருகினம் எண்டால்
நான் ஏன் கதைப்பான்" என்றார்.

முதல் ஓடர் கீழ்வீட்டுப் பொன்சேகா அன்ரி.
பிறகு அவவின் யோகா வகுப்பில் நாலு பேர்,
தெகிவளையிலிருந்து ஸஹ்ரா,
ஸஹ்ராவின் மச்சாள்.
வெள்ளிக்கு ஏழு.
நாட்காட்டியில் எழுதி
அடியில் ஒரு கோடும் இழுத்தேன்.

வியாழன் இரவு அகரனுக்கு நூற்றிரண்டு.
கையில் அகப்பட்டது மாவின் ஈரத்துணி.
உதறினேன், அலசினேன், நெற்றியில் போட்டேன்.
பனடோல் பாணி ஐந்து மில்லி.
மடியில் அவன் கொதித்துக்கொண்டிருக்க
குசினியில் ஏழும்
போர்வையில்லாமல் பொங்கின.
புளித்த மணம் அறைவரை வந்தது.
நான் எழும்பவில்லை.

நாலரைக்குக் காய்ச்சல் விட்டது.
அதற்குள் அதுகளும் விட்டிருந்தன:
தட்டில் ஏழு குட்டைகள்.
சுட்டேன். ஏழு செருப்புகள்.
ஏழு மன்னிப்புகள் வட்ஸ்அப்பில்.
கட்டைவிரல் மூன்று, அழும் முகம் ஒன்று,
"காசைத் திருப்பி விடுங்கோ" ஒன்று.
ஸஹ்ரா வாசித்ததோடு சரி.
பொன்சேகா அன்ரி மட்டும் படியேறி வந்தா.
"தட்டை எண்டால் அரை விலைதானே?"

ஆறேகாலுக்குச் சமிந்தவின் பாண் ஓட்டோ
அதே பியானோ மெட்டை இழுத்துக்கொண்டு
ஒழுங்கைக்குள் திரும்பியது.
அகரன் கண்ணைத் திறந்து "பாண்" என்றான்.
நைட்டியோடு ஓடினேன்.
காசை வாங்கும்போது
நகக்கண்ணில் காய்ந்திருந்த மாவைப் பார்த்தான் சமிந்த.
"மிஸ் வீட்ல பாண் போடுறதுதானே?"
"இது பிள்ளைக்கு" என்றேன்.
சொன்ன பிறகுதான்
எனக்கே அது கேட்டது.

கரையைப் பிய்த்துப்போட்டு
வெள்ளையைத் தேத்தண்ணியில் தோய்த்து
நாலு துண்டு சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை.
இரண்டு நாளாய்க் குண்டனை ஒருவரும் பார்க்கவில்லை.
சாம்பல் தண்ணீர் மேலே நிற்க
அடியில் ஒடுங்கிக் கிடந்தது.
"செத்திட்டுதோ?" மிருணா போத்தலைத் தட்டினாள்.
பசி என்றேன்.
தண்ணீரை வடித்து
இரண்டு கரண்டி மா அவளே போட்டாள்,
நிலத்திலும் கொஞ்சம்.
மட்டம் பார்க்க
தலைமுடி றப்பர்பட்டியைக் கழற்றி மாட்டினாள்.

ஸஹ்ரா கேட்டிருக்கிறாள்: அடுத்த வெள்ளி இருக்கா?
பதில் இன்னும் போடவில்லை.
சட்டிகளைக் கழுவுகிறேன்,
இடைக்கிடை
றப்பர்பட்டியைத் திரும்பிப் பார்க்கிறேன்.